உறங்கிய குடல், உரத்த குரல்

பயஸுக்கு மெதுவாகப் பேச வராது. அது குணத்தால் வந்ததல்ல, தொழிலால் வந்தது. பொழியூர் தாண்டி இரண்டு மாநிலங்கள் தோளோடு தோள் உரசிக்கொள்ளும் கடற்கரையில், வள்ளத்தின் பின்பக்கம் எஞ்சின் கைப்பிடியைப் பிடித்தபடி பாதி வாழ்க்கையைக் கழித்தவர். காதுக்குப் பக்கத்திலேயே எஞ்சின் அலறும். முன்னால் நிற்கிற கூட்டாளிக்கு ஒரு சொல் போய்ச்சேர வேண்டுமென்றால் எஞ்சினை ஜெயிக்க வேண்டும், காற்றை ஜெயிக்க வேண்டும், அலையையும் ஜெயிக்க வேண்டும். அப்படி ஜெயித்து ஜெயித்து இடது காது பாதி போயிற்று, குரல் இரண்டு மடங்காயிற்று. ஊரில் எஞ்சின் பயஸ் என்றால்தான் ஆளைத் தெரியும். அந்தப் பெயர் எஞ்சின் ஓட்டுவதால் வந்ததா, எஞ்சினைப்போல் சத்தம் போடுவதால் வந்ததா என்று கேட்டால் சிரிப்பார்களே தவிர பதில் சொல்ல மாட்டார்கள்.

பெண் பார்க்கப் போன அன்று பவுலாவின் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காதபடி, "என்னைப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டாராம். அடுத்த தெருவில் வலை சீர் செய்துகொண்டிருந்தவர்களில் ஒருவர், "பிடிச்சிருக்குன்னு செல்லு பிள்ளை" என்று அங்கிருந்தே பதில் கொடுத்தாராம். பவுலா இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் சண்டையை ஆரம்பிப்பாள், சண்டையை முடிப்பதும் அதிலேதான்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஜெஸ்மி போல ஒரு மகள். ஒன்பது வயது. வீட்டுக்கு அளந்து கொடுத்த சத்தம் முழுவதையும் அப்பா எடுத்துக்கொண்டதால் மிச்சமில்லாமல் போனதோ என்னவோ, அந்தப் பிள்ளை பேசினால் பக்கத்தில் இருப்பவர்தான் கேட்கலாம். பள்ளிக்கூட வாசலில் அப்பா கூப்பிட்டால் தலையைக் குனிந்துகொண்டு ஓடிவரும். பயஸ் அதை மரியாதை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பிள்ளைக்குத்தான் வயிற்றுவலி வந்தது. பவுலா பிரசவித்து அதிக நாள் ஆகவில்லை. கைக்குழந்தை ஜினோவை மடியில் வைத்துக்கொண்டே ஓமத்தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தாள். வலி ஏறிக்கொண்டே போய், மறுநாள் சட்டென்று நின்றது. வீடே மூச்சு விட்டது. ஆனால் சாயங்காலம் பிள்ளையின் உடம்பு அனலாகக் கொதித்தது, வயிறு பலகையாக இறுகியது. குடல்வால் வெடித்துச் சீழ் வயிறெங்கும் பரவியதால்தான் வலி நின்றது என்பது காரக்கோணம் மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோன பிறகுதான் தெரிந்தது. உடனே அறுவை சிகிச்சை. வயிற்றைத் திறந்து, குடலைத் துடைத்துக் கழுவி, மறுபடியும் தைத்தார்கள். பவுலாவால் கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரியில் கிடக்க முடியாது. எனவே நோயாளிக்குத் துணை நிற்கிற பைஸ்டாண்டராகப் பயஸ்தான் நின்றார். அம்மாக்களும் சித்திகளும் நிறைந்த பிள்ளைகள் வார்டில் லுங்கி கட்டிய ஒரே ஆள்.

டாக்டர் நந்தனா வயதில் சின்னவர். ஆனால் நின்று பேசுவார், கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் நகர்வார். பிள்ளை கண் விழித்த பிறகு, தண்ணீர் எப்போது கொடுக்கலாம் என்று பயஸ் கேட்டார். டாக்டர் சொன்ன பதில் அவரை அப்படியே நிறுத்திவிட்டது.

"குடல்ல கை பட்டா அது பிணங்கி ஒறங்கிப் போவும். எழுப்பதுக்கு மருந்து ஒண்ணும் கெடயாது. அதுவாட்டு எழும்பணும். எழும்பினதுக்கு அடையாளம் கீழ காத்து போறதாக்கும். அதுவரைக்கும் ஒரு துள்ளி தண்ணி குடுக்கப்பிடாது."

பயஸ் முதலில் தன் காதைச் சந்தேகப்பட்டார். மறுபடியும் கேட்டார். அதே பதில். அவர் சுற்றிலும் பார்த்தார். மாடிமேல் மாடியாக நிற்கிற கட்டடம். எலும்புக்குள்ளே எட்டிப் பார்க்கிற மெஷின்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் பச்சைக் கோடு போடுகிற பெட்டிகள். வெள்ளைக் கோட்டு போட்ட இத்தனை பேர். இத்தனையும் சேர்ந்து ஒரு சின்னப் பிள்ளை குசு விடுவதற்காகக் கைகட்டிக் காத்து நிற்கின்றன!

சிரிப்புதான் முதலில் வந்தது. அதன் பின்னாலேயே வேறு ஒன்று வந்தது, அது பக்தி மாதிரி இருந்தது. கேண்டீனில் ஒரு பழம்பொரியைக் கடித்துச் சாயா குடித்தபோது, அந்தச் சூடு தொண்டையில் இறங்கி, நெஞ்சில் இறங்கி, அதற்கப்புறம் எங்கேயோ காணாமல் போவதைக் கவனித்தார். இத்தனை வருஷமாக விழுங்கியதெல்லாம் எங்கே போயிற்று என்று ஒருநாளாவது கேட்டதுண்டா? தன் எஞ்சினை அவர் கழற்றிப் பூட்டுவார், எண்ணெய் விடுவார், துணியால் மூடி வைப்பார். வயிற்றுக்குள் இருக்கிற இதையோ யாரும் கயிறிழுத்துக் கிளப்பவில்லை, அணைத்ததும் இல்லை, பிறந்த நாள் முதல் தானாக ஓடிக்கொண்டிருக்கிறது. கேண்டீனில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரின் வயிற்றையும் பார்த்தார். எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. ஜெஸ்மியின் வயிறு ஒன்றுதான் நின்றுபோயிருந்தது. பழம்பொரியின் மிச்சம் அவருக்கு இறங்கவில்லை.

ஜெஸ்மியின் மூக்கில் ஒரு குழாய், அது வழியாகப் பச்சை நீர் வடியும். கையில் ட்ரிப். உதடு காய்ந்து பிளந்திருந்தது. ஈரப் பஞ்சை உதட்டில் ஒற்றுவது பயஸின் வேலை. ஒற்றும்போதெல்லாம் பிள்ளை அந்தப் பஞ்சை உறிஞ்சப் பார்க்கும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பஞ்சை எடுத்துவிடுவார். நர்ஸ் ஆதிரா வந்து, "போயோ மோளே?" என்று கேட்பாள். ஜெஸ்மி இல்லையென்று தலையாட்டும். பயஸ் விடமாட்டார். "காத்து போச்சா மக்கா? கொஞ்சமாவது போச்சா?" என்று தன்னளவில் மெதுவாகத்தான் கேட்பார். வார்டின் அந்தக் கோடியில் இருப்பவர்களும் பதிலுக்காகத் திரும்பிப் பார்ப்பார்கள்.

நாள் போகப் போக அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடற்கரைக்காரன் கஷ்டம் வந்தால் என்ன செய்வானோ அதைச் செய்தார். ஊர்க் கோயிலில் மணியடிப்பது முதல் மைக்கில் அறிவிப்பது வரை எல்லாம் பார்க்கிற கப்பியார் விஜயதாஸுக்குப் போன் போட்டு, ஜெபம் சொல்லச் சொன்னார்.

அந்தக் கரையில் மைக் என்பது சாதாரணக் காரியமில்லை. கடல் கொந்தளிக்கும் என்றால் மைக்கில்தான் சொல்வார்கள். வள்ளம் திரும்பவில்லை என்றாலும் மைக்கில்தான். கல்யாணம், சாவு, காணாமல் போன ஆடு எல்லாம் அந்தக் குழல் வழியாகவே ஊருக்குத் தெரியவரும். அங்கே யாரும் எதையும் மூடிவைத்துப் பழகியதில்லை. பிடித்த மீனே திறந்த மணலில்தான் கிடக்கிறது. துக்கத்தையும் அப்படித்தான் கொண்டுவந்து நடுவில் போடுவார்கள், ஆளுக்கொரு கை பிடிப்பார்கள். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கைகள் இல்லாவிட்டால் அந்தக் கரையில் பல வீடுகளில் அடுப்பு எரிந்திருக்காது.

விஜயதாஸோ எதையும் சுருக்கத் தெரியாத மனிதர். கேட்டதைக் கேட்டபடி சொல்வதுதான் நேர்மை என்று நம்புகிறவர். அன்று மாலை ஜெபம் முடிந்ததும் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, நம் ஊர் எஞ்சின் பயஸ் அவர்களின் மகளும், வரும் மாதம் முதல் நற்கருணை வாங்க இருப்பவருமான ஜெஸ்மிக்கு ஆபரேஷனுக்குப் பிறகு இதுவரை கீழ்க்காற்று பிரியவில்லை என்றும், அது நல்லபடியாகப் பிரிய வேண்டி எல்லாரும் முழங்காலில் நின்று ஜெபிக்கும்படியும் அறிவித்தார். கரை முழுவதும் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. மீன் விற்றுத் திரும்பிய பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு மணலிலேயே முட்டுக்குத்தினார்கள். சீட்டு ஆடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார்கள்.

பவுலா அதைப் போனில் பதிவு செய்து அனுப்பினாள். பயஸ் அதை மகளின் கட்டிலருகே வைத்து, முழுச் சத்தத்தில் போட்டார். ஊரே ஒரே குரலாக ஜெபிப்பதைக் கேட்டு அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு சின்ன உடம்புக்குள் இருக்கிற இத்துனூண்டு காற்றுக்காக ஒரு கரையே மண்டியிடுகிறதே, இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தார். பக்கத்துக் கட்டிலில் மகனோடு இருந்த செங்கல் ஊர்க்காரி விலாசினியிடம், "கேட்டியளா, எங்க ஊராக்கும்" என்று பெருமையோடு சொன்னார். விலாசினி போனைப் பார்க்கவில்லை, பிள்ளையைப் பார்த்தாள். ஜெஸ்மி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தது. களைப்பு என்று பயஸ் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் டாக்டர் நந்தனா வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்து வெகுநேரம் கேட்டார். முகம் தெளியவில்லை. மாலை வரை பார்க்கலாம் என்றார். அதற்குள் காற்று பிரியவில்லை என்றால் ஸ்கேன் எடுக்க வேண்டும். குடல் எங்காவது ஒட்டியோ முறுக்கியோ இருந்தால் மறுபடியும் வயிற்றைத் திறக்க வேண்டிவரலாம். இதைப் பயஸைத் தள்ளி அழைத்துப் போய்த்தான் சொன்னார். பயஸ் திரும்பக் கேட்ட கேள்விகளிலிருந்து வார்டு முழுவதும் விஷயத்தைத் தெரிந்துகொண்டது, ஜெஸ்மி உட்பட.

நடந்தால் குடல் விழிக்கும் என்று ஆதிரா சொல்லியிருந்தாள். பயஸ் ட்ரிப் கம்பியை ஒரு கையில் தள்ளிக்கொண்டு, மறு கையை மகளின் முதுகில் வைத்து வராந்தாவில் நடத்தினார். பிள்ளை வயிற்றை அணைத்துக்கொண்டு, கூனி, பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நடந்தது. நெற்றியில் வியர்வை. ஒரு முனகல் இல்லை. வராந்தாவின் கடைசியில் ரப்பர் மரங்களைப் பார்த்திருக்கிற ஜன்னல் ஒன்று உண்டு. அங்கே வந்ததும் ஜெஸ்மி நின்று, "அப்பா, நீங்க போய் சாயா குடிச்சிட்டு வாருங்க. நான் இங்க நிக்கியேன்" என்றது. இந்த வலியிலும் பிள்ளைக்கு அப்பாவின் வயிற்றைப் பற்றிய நினைப்பா என்று பயஸ் உருகிப்போனார். சாயா குடிக்கவில்லை. படிக்கட்டுப் பக்கம் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

மதியம் ஆதிரா வந்து கேட்டாள். ஜெஸ்மி இல்லையென்று தலையாட்டியது. அதற்கப்புறம் கேட்டபோதும் அதே தலையாட்டல். ஸ்கேனுக்கு நேரம் சொல்லியாயிற்று என்று ஆதிரா மெல்லச் சொல்லிவிட்டுப் போனாள். பவுலா போனில் அழுதாள், அவள் மடியில் ஜினோவும் அழுதான். கடலில் பயஸின் எஞ்சின் நின்றுபோன நாட்கள் உண்டு. அப்போதெல்லாம் செய்வதற்கு ஏதாவது இருந்தது. இங்கே இரண்டு கைகளும் சும்மா தொங்கின.

அவர் கட்டிலருகே முட்டுக்குத்தினார். ஜெபம் சொல்லத் தொடங்கி, வார்த்தை வராமல், கட்டுப் போட்ட இடத்துக்குத் தள்ளிப் பிள்ளையின் வயிற்றின்மேல் கன்னத்தைச் சாய்த்துவிட்டார். சாய்ந்தது பாதி போன இடது காதுப் பக்கம். அதனால் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கன்னத்துக்குக் கீழே ஏதோ உருண்டது. முதலில் ஒரு சின்ன நடுக்கம். பிறகு ஒரு இடைவெளி. பிறகு இடமிருந்து வலமாக, நிதானமாக, ஓர் உருளல். எஞ்சின் சரியாக ஓடுகிறதா என்று பயஸ் காதால் பார்ப்பதில்லை. வள்ளத்தின் பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். எது ஓட்டம், எது திணறல் என்று அவர் உடம்புக்குத் தெரியும். இது ஓட்டம். அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. கடவுள் பூமியை உருட்டிவிட்டபோது இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது.

தலையைத் தூக்கி, "சிஸ்டரே" என்று கத்த வாயைத் திறந்தார். ட்ரிப் ஊசி இல்லாத சின்னக் கை ஒன்று அவர் வாயைப் பொத்தியது.

"ஒச்ச வெக்காதீங்க அப்பா." ஜெஸ்மி அவருடைய நல்ல காதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. "காலத்தயே போச்சு. ஜன்னல்கிட்ட நிக்கும்போ. பின்னயும் போச்சு. ஆருட்டயும் செல்லாண்டாம்."

பயஸுக்குப் புரியவே சற்று நேரம் பிடித்தது. காலையிலேயே போயிருக்கிறது. ஆதிரா கேட்டபோதெல்லாம் பிள்ளை இல்லையென்று தலையாட்டியிருக்கிறது. ஸ்கேன் வரை காரியம் போயிருக்கிறது. ஏன் என்று அவர் சைகையால்தான் கேட்டார். வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று முதல்முறையாக அவருக்கே பயம் வந்துவிட்டது.

"போச்சுன்னு சென்னா, நன்றின்னு செல்லித் திரும்பவும் மைக்கில விளிப்பாவ."

அவருக்கு நெஞ்சில் யாரோ துடுப்பால் அடித்த மாதிரி இருந்தது. அடுத்த மாதம் வெள்ளை உடுப்புப் போட்டு, கையில் மெழுகுதிரியோடு, வகுப்புப் பிள்ளைகள் எல்லாரோடும் வரிசையில் நிற்கப் போகிற பிள்ளை இது. ஊர் மண்டியிட்டதைத்தான் அவர் கேட்டார். அந்த ஊரில் தன்னோடு படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் அதைக் கேட்டிருக்கும் என்பதைத்தான் இந்தப் பிள்ளை கேட்டிருக்கிறது.

எப்படியோ குரலை அடக்கி, கரகரவென்று, "திரும்பவும் வயித்தக் கீறுவாவளே மக்கா, ஒனக்குத் தெரியாதா?" என்றார்.

"தெரியும்."

"பேடி, பயம் ஒண்ணும் இல்லியா?"

"உண்டு." பிள்ளை கொஞ்சம் யோசித்தது. "கீறும்போ ஒறக்கிட்டில்லா கீறுவாவ. மைக்கில விளிக்கும்போ நான் முழிச்சில்லா இருப்பேன்."

புயலில் மாட்டியவர் பயஸ். இரவெல்லாம் கவிழ்ந்த வள்ளத்தைப் பற்றிக்கொண்டு கிடந்தவர். அப்போதுகூடத் தன் மானத்தையும் உயிரையும் இப்படித் தராசில் வைத்து அவர் பார்த்ததில்லை. மூக்கில் குழாயும் வயிற்றில் தையலுமாகக் கிடக்கிற இந்த ஒன்பது வயது, ஒரு பகல் முழுக்கத் தனியாகக் கிடந்து அதைச் செய்திருக்கிறது. தாகத்தில் உதடு பிளந்திருக்க, சரி என்று தலையாட்டினால் தண்ணீர் கிடைக்கும் என்று தெரிந்தே, இல்லையென்று தலையாட்டியிருக்கிறது. பிள்ளையின் குடலைப் பார்த்து அதிசயித்தது போதாதா, இப்போது பிள்ளையையே பார்த்து அவருக்குப் பயபக்தி வந்துவிட்டது. தான் பெற்றது என்று இதுவரை நினைத்துக்கொண்டிருந்தார். தன் வீட்டில் வந்து பிறந்திருக்கிறது என்றுதான் இனிச் சொல்ல வேண்டும்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்டால் அதுவும் வார்டுக்கே கேட்கும். அதனால் மகளின் உள்ளங்கையை எடுத்துத் தன் வாய்மேல் மறுபடியும் வைத்து, அழுத்திக்கொண்டார். ஜெஸ்மிக்குப் புரிந்தது.

டாக்டர் நந்தனா வந்தபோது ஸ்கேன் அறையிலிருந்து சக்கர நாற்காலியும் வந்திருந்தது. விலாசினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். டாக்டர் பயஸைப் பார்த்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார். பிள்ளை இப்போதும் இல்லையென்று சொன்னால் மகளின் கையை வாயில் வைத்துக் கொடுத்த வாக்கை மீறித்தான் ஆக வேண்டும் என்று பயஸுக்குத் தெரியும். ஆனாலும் வாயை இறுக மூடிக்கொண்டு, கையை நீட்டி மகளைக் காட்டினார். நோயாளி அங்கே இருக்கிறாள், அவளையே கேளுங்கள் என்பதுபோல.

ஜெஸ்மி அப்பாவை ஒருமுறை பார்த்தது. பிறகு விரலால் டாக்டரை அருகே கூப்பிட்டது. டாக்டர் குனிந்தார், முடி பிள்ளையின் முகத்தில் விழும் அளவுக்குக் குனிந்தார். ஜெஸ்மி அவர் காதில் ஏதோ சொன்னது. ஒரு முழம் தள்ளி நின்ற பயஸுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. டாக்டரின் தோள் மட்டும் தளர்ந்து இறங்குவது தெரிந்தது.

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். ஸ்டெதாஸ்கோப்பை அங்கும் இங்கும் வைத்து நிதானமாகக் கேட்டார். ஆதிராவிடம் ஸ்கேன் இன்றைக்கு வேண்டாம் என்றார். ஏன் என்று ஆதிரா பார்த்தாள். டாக்டர் காரணம் சொல்லவில்லை. ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுங்கள், பொறுத்துக்கொண்டால் இன்னொரு ஸ்பூன் என்று மட்டும் சொல்லிவிட்டு, சக்கர நாற்காலியைத் தானே ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பயஸ் நீட்டிய ஸ்பூனிலிருந்து பாதித் தண்ணீர் போர்வையில் சிந்தியது. மீதியை ஜெஸ்மி கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியது. அந்தச் சின்னத் தொண்டை ஏறி இறங்குவதை அவர் பார்த்தார். வார்டில் அத்தனை பேரும் பார்த்தார்கள். தண்ணீர் உள்ளே போயிற்று, அங்கே அதை வாங்கிக்கொள்ள ஆள் எழுந்து உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் போன் அடித்தது. விஜயதாஸ். ஜெப நேரம் நெருங்குகிறது, கோயில் வாசலில் பெண்கள் காத்து நிற்கிறார்கள், பிள்ளை விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டார். பயஸ் போனை மகளிடம் நீட்டினார்.

ஜெஸ்மி அதை இரண்டு கையாலும் வாங்கியது. சற்று யோசித்து, எப்போதும் பேசுவதைவிடக் கொஞ்சம் உரக்கவே பேசியது.

"மாமா, நான் ஜெஸ்மியாக்கும். தண்ணி குடிச்சேன். மைக்கில அது மட்டும் சென்னா மதி, பின்ன ஒண்ணும் வேண்டாம்."

எதையும் சுருக்கத் தெரியாத விஜயதாஸ் அன்று மாலை மைக்கைத் தட்டிவிட்டு, எஞ்சின் பயஸ் அவர்களின் மகள் ஜெஸ்மி இன்று தண்ணீர் குடித்தாள் என்று ஒரே வரியில் சொல்லி நிறுத்திக்கொண்டார். கரையில் இருந்தவர்களுக்கு அந்த ஒரு வரியிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. யாரும் அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை.